ஒரே வீட்டில் வசிப்பவர்

மாமியார் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டை விட்டுப் போய் எட்டு நாள் ஆகியிருந்தது. இந்த எட்டு நாளில் மகனும் போய்க் கூப்பிடவில்லை, மருமகளும் போய்க் கூப்பிடவில்லை. "கோபம் ஆறினா தானா வருவாங்க" என்றான் அவன். "நான் போய் நின்னா ஆறின கோபம் திரும்பக் கொதிக்கும்" என்றாள் அவள். இரண்டுமே நம்பும்படியாக இருந்ததால் இருவரும் நிம்மதியாக ஒன்றும் செய்யாமல் இருந்தார்கள்.

சண்டைக்குக் காரணம் ஏரி. பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் விளையாட்டு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற மாமியார், ஞாயிறு காலையில் பத்தொன்பது பேரைக் கூட்டி ஏரியில் நீச்சலடிப்பார். சங்கமா என்றால் சங்கமில்லை. சந்தா இல்லை, செயலாளர் இல்லை. போனில் ஒரு குரூப், கழுத்தில் ஒரு விசில். விசில் டீச்சர் என்றால்தான் அவரை எல்லாருக்கும் தெரியும்.

இன்ஷூரன்ஸ் ஆபீசில் க்ளெய்ம் பிரிவில் வேலை பார்க்கிற மருமகளுக்கு இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. "யாருக்காவது ஏதாவது ஆச்சுன்னா யார் அத்தை பொறுப்பு?" என்று அந்த வெள்ளிக்கிழமை கேட்டாள். கேட்டதோடு நிறுத்தியிருக்கலாம். "இது பொறுப்பில்லாத்தனம்" என்று ஒரு வார்த்தையையும் சேர்த்துப் போட்டாள்.

முப்பது வருஷம் ஊரார் பிள்ளைகளைக் கட்டி மேய்த்தவரிடம் சொல்லக்கூடாத வார்த்தை அது. அன்று சாயங்காலமே மாமியார் இரண்டு தெரு தள்ளி, பழைய சிநேகிதியான கணக்கு டீச்சர் வீட்டு மாடி அறைக்குக் குடிபோனார்.

அது வெள்ளிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை காலையில், படகுத்துறைப் படியில் ஒரு பெண் விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள்.

இன்று சனிக்கிழமை. எட்டரை மணிக்குத் தபால்காரர் மணியடித்தார்.

"பதிவுத் தபால். பெரியம்மாவுக்கு."

"அவங்க இல்ல. நான் மருமக. கையெழுத்துப் போடலாமா?"

"இதே வீடுதானே? போடுங்க."

உறையின் மூலையில் ஒரு வக்கீலின் முத்திரை இருந்தது. மருமகள் அதைப் பிரிக்கலாமா கூடாதா என்று யோசிப்பதற்குள், ஷேவ் பண்ணிக்கொண்டிருந்த கணவன் பாதி முகத்தில் நுரையோடு வந்து பிரித்துவிட்டான். படிக்கப் படிக்க நுரைக்கு மேலே இருந்த முகம் வெளுத்தது.

"முடி திருத்தும் தொழில் செய்பவராம். வலது மணிக்கட்டு ரெண்டு இடத்துல முறிவாம். 'நீச்சல் கூட்டத்தின் அமைப்பாளர் என்ற முறையில் தாங்களே முழுப் பொறுப்பு'ன்னு எழுதியிருக்கான். அம்மா பேர்லயே போட்டிருக்கான்! பத்தொன்பது பேர் இருக்காங்களே, அவங்க எல்லாம் எங்க போனாங்க?"

"எங்கயும் போகல. குரூப்னு ஒண்ணு பேப்பர்ல இல்லவே இல்ல. இல்லாத ஒண்ணு மேல எப்படி நோட்டீஸ் விடுவாங்க? விசில் ஊதினவங்க பேர்லதான் விடுவாங்க."

"இன்னிக்கே அந்தக் குரூப்பைக் கலைச்சிடணும்."

"கலைச்சா உடைஞ்ச கை ஒட்டிக்குமா? முதல்ல மூஞ்சியைக் கழுவுங்க."

அவன் குளியலறைக்குப் போனதும் அவள் பீரோவைத் திறந்து வீட்டு பாலிசியை எடுத்தாள். வீடு வாங்கியபோது அவள் ஆபீசிலேயே கணவன் பேரில் எடுத்த பாலிசி. தீ, திருட்டு, தண்ணீர்க் குழாய் வெடிப்பது என்று பத்துப் பக்கம். பதினோராம் பக்கத்தை வாங்குகிறவர்கள் யாரும் படிப்பதில்லை. தினமும் அதையே படித்துச் சம்பளம் வாங்குகிற அவளுக்கு அந்தப் பக்கம் எங்கே இருக்கிறதென்று தெரியும்.

பிறருக்குத் தற்செயலாக நேர்ந்துவிடும் காயத்துக்கான சட்டப் பொறுப்பை இந்த பாலிசி ஏற்கும் என்றது அந்தப் பக்கம். ஏழு நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்றது. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து விரல் விட்டு எண்ணினாள். இன்றுதான் ஏழாவது நாள். ஆபீஸ் கவுன்டர் ஒரு மணிக்கு மூடிவிடும்.

"அப்பாடா, தப்பிச்சோம்" என்றான், தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்த கணவன்.

அவளுடைய விரல் ஒரு வரியில் நின்றுவிட்டது. *பாலிசிதாரரும், சம்பவ நாளில் அவருடன் ஒரே வீட்டில் வசிக்கும் குடும்பத்தினரும்.*

"என்னாச்சு?"

"வெள்ளிக்கிழமை போனாங்க. ஞாயித்துக்கிழமை விபத்து."

அவனுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. புரிந்ததும் சிரித்தான். "அடச்சே, ரெண்டு நாள்! அம்மா இங்கதான் இருந்தாங்கன்னு எழுதிட்டுப் போ. யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியும்."

"நீ என் பக்கமா, உங்க கம்பெனி பக்கமா?"

"நான் இந்த வீட்டுப் பக்கம்தாங்க. பொய் எழுதி மாட்டினா பாலிசியும் போகும், என் வேலையும் போகும், அத்தை பேரும் போகும். எங்க ஆபீஸ் பாலிசிங்கிறதால நான் இந்த ஃபைலைத் தொடவே கூடாது. தெரிவிக்க வேண்டியதைத் தெரிவிப்போம். அதுக்கு மேல நடக்கறது நடக்கட்டும்."

அவன் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். வருகிறவர்களின் கண்ணுக்கெல்லாம் பவர் பார்த்துக் கொடுக்கிறவன், கண்ணெதிரே இருந்த மனைவியை முறைத்துப் பார்த்துவிட்டுக் கடைச் சாவியை எடுத்தான்.

"நீ உன் வழியில பாரு. நான் என்னால ஆனதைப் பாக்கறேன்."

என்ன பார்க்கப்போகிறான் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

*

மாடி அறையில் மாமியார் தரையில் உட்கார்ந்து மிதவைக் கயிற்றின் முடிச்சுகளை ஒவ்வொன்றாக இழுத்து இழுத்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். மருமகளைப் பார்த்ததும் கயிறு நின்றது.

"வாங்க ஆபீசரம்மா. 'நான் அப்பவே சொன்னேன்'னு சொல்லிட்டுப் போகத்தானே வந்தே? சொல்லு, கேட்டுக்கறேன்."

"அதுக்கு வரல அத்தை." அவள் நோட்டீஸை நீட்டினாள்.

மாமியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். முழுசாக ஒரு தடவை, பிறகு திரும்ப ஒரு தடவை. எழுந்து புடவையை உதறினார்.

"கிளம்பு. அந்தப் பொண்ணு கடைக்குப் போகலாம். தப்பு என்னோடதுதான்னு சொல்லிட்டு வந்துடறேன்."

"அதைத்தான் சொல்லக் கூடாது."

"ஏன் சொல்லக் கூடாது? விழுந்தவ கையை மடியில வெச்சுக்கிட்டு ஆஸ்பத்திரி வரைக்கும் போனது நான். ஒரு மன்னிப்புக் கேக்கறதுக்கு உன் கம்பெனி கிட்ட அனுமதி வாங்கணுமா?"

"உடம்பு எப்படி இருக்குன்னு கேக்கலாம். வருத்தமா இருக்குன்னு சொல்லலாம். என்ன நடந்துச்சோ அதை அப்படியே சொல்லலாம். தப்பு யாரோடதுன்னு தீர்ப்பு மட்டும் நாம சொல்லக் கூடாது. அதைச் சொன்னா பாலிசி கையை விரிச்சிடும், அப்புறம் அந்தப் பொண்ணுக்குத்தான் ஒண்ணும் கிடைக்காது." அவள் மாமியாருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். "எனக்கு முதல்ல சொல்லுங்க. அன்னிக்கு என்னதான் நடந்துச்சு?"

மாமியார் திரும்பவும் தரையில் உட்கார்ந்து கயிற்றை எடுத்தார்.

"மூணாவது படிப் பலகை ஆடிக்கிட்டிருந்துச்சு. மூணு வாரம் முன்னாடியே படகுக்காரனுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். 'இந்த வாரமே பாத்துடறேன் டீச்சர்'னு பதில் போட்டான். குரூப்லயும் போட்டேன், மூணாவது படியைத் தாண்டி கால் வைங்கன்னு. பத்தொன்பது பேருக்கும் தெரியும். இந்தப் பொண்ணு இருபதாவது ஆள். அன்னிக்குத்தான் முதல் நாள், யாரோ கூட்டிட்டு வந்திருக்காங்க. குரூப்ல இல்ல. அவளுக்கு யாரும் சொல்லல."

"நீங்க?"

"எப்பவும் தலையை எண்ணிட்டுத்தான் விசில் ஊதுவேன். முப்பது வருஷத்துல ஒரு நாள் கூட எண்ணாம ஊதினதில்ல." கயிற்றில் ஒரு முடிச்சை இழுத்தார். "அன்னிக்கு எண்ணல. ராத்திரியெல்லாம் தூக்கமில்ல. பொறுப்பில்லாதவன்னு நீ சொன்னதுக்கு என்ன பதில் சொல்லியிருக்கணும்னு யோசிச்சுக்கிட்டே விசிலை ஊதிட்டேன்."

மருமகளுக்கு என்னவோ போலாகிவிட்டது. தான் கேட்ட கேள்வி சரியான கேள்விதான். அதை எங்கே கொண்டுபோய் எறிந்தோம் என்பது இப்போதுதான் தெரிந்தது.

"நீ கேட்டது சரிதான்" என்றார் மாமியார், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு.

"கேட்ட விதம் சரியில்ல அத்தை."

"அதுவும் சரிதான்."

மருமகள் மணியைப் பார்த்தாள். ஒன்பதே முக்கால்.

"அந்தப் படம், படகுக்காரர் பதில் எல்லாம் போன்ல இருக்கா?"

"இருக்கு. ஆனா அது எனக்கும் முன்னாடியே தெரியும்னு காட்டிக் கொடுக்குமே?"

மருமகள் அவரை ஆச்சரியத்தோடு பார்த்தாள். அவளுடைய ஆபீசிலேயே பாதிப் பேருக்கு இது உடனே தோன்றியிருக்காது.

"காட்டிக் கொடுக்கும். அவரையும் காட்டிக் கொடுக்கும், உங்களையும் காட்டிக் கொடுக்கும். என்ன பண்ணலாம்? அழிச்சிடலாமா?"

"அழிக்கிறதா? நானா? வண்டியை எடு."

*

படகுத்துறையில் புதுப் பலகை பளபளத்தது. மூணாவது படி மட்டும் வெளிர் நிறத்தில், பழைய பற்களுக்கு நடுவே கட்டின புதுப் பல் மாதிரி இருந்தது. ஆணித் தலைகளில் இன்னும் துருவே ஏறவில்லை.

டிக்கெட் ஜன்னலுக்குப் பின்னால் இருந்த படகுக்காரர் அவர்களைப் பார்த்ததும் ஏதோ நோட்டில் குனிந்துகொண்டார்.

"படி மாத்தியாச்சு போல" என்றார் மாமியார்.

"எந்தப் படி டீச்சர்? எல்லாம் எப்பவும் இருக்கிற மாதிரிதான் இருக்கு."

மாமியாரின் கை தன்னையறியாமல் கழுத்துக்குப் போனது. விசில் இருந்திருந்தால் ஊதியிருப்பார். மருமகள் அவர் முழங்கையை மெதுவாகப் பிடித்துக்கொண்டு ஜன்னலருகே போனாள்.

"அண்ணே, ஒரு டிக்கெட் கொடுங்க."

"படகுக்கா?"

"துறைக்குள்ள வர்றதுக்கு. வர்றவங்க எல்லார்கிட்டயும் வாங்கறீங்க இல்ல? போன ஞாயித்துக்கிழமை விழுந்தவங்களும் வாங்கியிருப்பாங்க."

அவர் கை டிக்கெட் கட்டின்மேல் அப்படியே நின்றது.

அவள் பேசிக்கொண்டே சுவரைப் பார்த்தாள். படகு ஓட்டும் உரிமம் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. பக்கத்தில், தூசி படிந்து, அவள் தேடி வந்தது இருந்தது: துறைக்கு வருகிறவர்களுக்கு விபத்து நேர்ந்தால் பொறுப்பேற்கும் பாலிசியின் சான்றிதழ். தேதி முடிய இன்னும் ஐந்து மாதம்.

"இதுக்கு வருஷா வருஷம் பிரீமியம் கட்றீங்களே, எதுக்கு அண்ணே? சுவத்துல மாட்டறதுக்கா?"

"அதைத் தொட்டா உரிமத்துக்கே வேட்டு வெச்சிடுவாங்கம்மா! ஆபீசரு வருவான், படகைப் பாப்பான், கயித்தைப் பாப்பான்…"

"தொடாம மறைச்சாத்தான் வேட்டு. டீச்சர் அனுப்பின படமும் உங்க பதிலும் தேதியோட இருக்கு. நாளைக்கு வக்கீல் கேட்டா நாங்க காட்டித்தான் ஆகணும். அப்ப உங்க கம்பெனி கேக்கும், ஏன் எங்ககிட்ட சொல்லலன்னு. அதுக்குப் பதில் இருக்கா உங்ககிட்ட?"

படகுக்காரர் மாமியாரைப் பார்த்தார். "என்ன டீச்சர், என் பொண்ணுக்கு நீச்சல் கத்துக்கொடுத்தவங்க நீங்க. என்னைக் கோர்ட்டுல நிறுத்தப் போறீங்களா?"

"நான் உனக்கு முன்னாடி போய் நிப்பேன்டா" என்றார் மாமியார். "ஆடுற படின்னு தெரிஞ்சும் ஆளுங்களை இறக்கினது நான். அதைச் சொல்லப்போறேன். நீ உன்னோடதைச் சொல்லு. ரெண்டு பேரும் சேந்து முழிக்கலாம்."

அவர் தலையைச் சொறிந்தார். பிறகு முனகிக்கொண்டே போனை எடுத்தார். சான்றிதழைத் துடைத்துவிட்டு எண்ணைப் பார்த்துப் பார்த்து அழுத்தினார். அந்தப் பக்கம் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் எழுந்து நின்று பதில் சொன்னார்.

"பழைய பலகையை என்ன பண்ணட்டும்னு கேக்கறாங்க" என்றார், வாயைப் பொத்திக்கொண்டு.

"எங்க இருக்கு?"

"கொட்டகைக்குப் பின்னால கிடக்கு. அடுப்புக்குப் போடலாம்னு இருந்தேன்."

"விறகாக்காதீங்க. சாக்குல சுத்தி உள்ள வைங்க."

வண்டியில் ஏறும்போது மாமியார் சொன்னார்: "அவனை மிரட்டாமயே வழிக்குக் கொண்டு வந்துட்டியே."

"தினமும் பத்து பேரு என்கிட்ட இப்படித்தான் மறைப்பாங்க அத்தை. பயம்தான், வேற ஒண்ணுமில்ல."

*

ஆபீசில் கவுன்டர் மூட இருபது நிமிஷம் இருந்தது. மருமகள் தன் மேஜைக்குப் போகவில்லை. வாடிக்கையாளர்கள் உட்காரும் நாற்காலியில் மாமியாரோடு உட்கார்ந்தாள்.

எதிரே இருந்த அதிகாரிக்கு ஆபீசில் காற்புள்ளி சார் என்று பெயர். பாலிசியில் ஒரு காற்புள்ளி இடம் மாறினால் அர்த்தம் எப்படி மாறும் என்று அரை மணி நேரம் விளக்குவார். வேடிக்கை என்னவென்றால், அநேகமாக அவர் சொல்வதுதான் சரியாக இருக்கும். அவர் நோட்டீஸைப் படித்தார், போனில் இருந்த படத்தையும் பதிலையும் பார்த்தார், படிவத்தைத் திறந்தார்.

"நீங்க பேசக் கூடாது மேடம்" என்றார் மருமகளிடம், மரியாதையாக.

"தெரியும் சார். நான் வண்டி ஓட்ட வந்தேன்."

"நல்லது. அம்மா, நீச்சலுக்கு வர்றவங்ககிட்ட கட்டணம் வாங்கறீங்களா?"

"ஒரு காசு வாங்கினதில்ல. துறை டிக்கெட் அவங்கவங்க எடுத்துக்குவாங்க."

"சரி, வியாபாரம் இல்ல. படி ஆடுதுன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

அவர் பேனா ஒரு கணம் நின்று, பிறகு எழுதியது. "விபத்து நடந்த அன்னிக்கு எங்க வசிச்சீங்க?"

மருமகள் தரையைப் பார்த்தாள்.

"கணக்கு டீச்சர் வீட்டு மாடியில. முந்தின வெள்ளிக்கிழமை சாயங்காலம் போனேன்."

"ரெண்டு நாள் தங்கப் போனீங்களா? இல்ல…" காற்புள்ளி சார் வார்த்தையைத் தேடினார். "இதை நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. நாலு நாள் விருந்தாளியாப் போறவங்க வீடு மாறினவங்க ஆக மாட்டாங்க. திரும்பி வர்ற எண்ணத்தோட போனீங்களா?"

இதைவிட அகலமாக ஒரு கதவை எந்த அதிகாரியும் திறந்து வைக்க முடியாது. 'ஆமாம்' என்று ஒரு சொல் போதும். மனசுக்குள் என்ன நினைத்தார் என்பதற்கு யார் சாட்சி? சொல்லுங்கள் என்று மருமகளின் ஒரு மனசு கெஞ்சியது. அந்த மனசை அவளுக்கே பிடிக்கவில்லை.

"பெட்டியைத் தூக்கும்போது திரும்பி வரக்கூடாதுன்னுதான் தூக்கினேன்" என்றார் மாமியார். "அலாரம் கடிகாரத்தைக் கூட விட்டு வைக்கல."

காற்புள்ளி சார் அதை ஒரு எழுத்து விடாமல் எழுதிக்கொண்டார். "மேலிடத்துக்கு அனுப்பறேன். என்ன சொல்வாங்கன்னு என்னால சொல்ல முடியாது. ஆனா நேரத்துக்குத் தெரிவிச்சிட்டீங்க."

மாமியார் எழுந்திருக்கவில்லை. "இன்னொண்ணு. எங்க குரூப்புக்குன்னே ஒரு பாலிசி எடுக்க முடியுமா?"

மருமகளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இதே கவலையைத்தான் எட்டு நாளைக்கு முன்பு அவள் சொல்லி, வீடே இரண்டாகிப்போனது.

"நடந்து முடிஞ்சதுக்குக் கிடையாது, இனிமே நடக்கறதுக்கு உண்டு" என்றார் காற்புள்ளி சார். "ஆனா குரூப்புன்னா நாங்க எப்படி நம்பறது? ஒரு பேர் வேணும். யார் யார் உறுப்பினர்னு பட்டியல் வேணும். புதுசா வர்றவங்களுக்கு என்ன சொல்லிக் கொடுப்பீங்க, தண்ணியில இறங்கறதுக்கு முன்னாடி எதை எதைப் பாப்பீங்கன்னு எழுதிக் கொடுக்கணும். பொறுப்பாளர்னு ரெண்டு பேர் கையெழுத்து."

"ரெண்டு எதுக்கு? நான் ஒருத்தி போதாதா?"

"உங்களுக்கு ஒரு நாள் மனசு சரியில்லன்னா?" என்றார் அவர், ஒன்றும் தெரியாமல்.

மாமியார் மருமகளைத் திரும்பிப் பார்த்தார். "சரி" என்றார். "ரெண்டு பேர்."

*

முடி திருத்தும் கடை கடைத்தெரு முனையில் இருந்தது. ஒற்றைக் கண்ணாடி, இரண்டு நாற்காலி. வாடிக்கையாளர் நாற்காலியில் கட்டுப் போட்ட கையோடு கடைக்காரியே உட்கார்ந்திருந்தாள். இன்னொரு நாற்காலியில் ஒரு பெரியவர் மாட்டிக்கொண்டிருந்தார். கடைக்காரியின் அக்கா கத்தரிக்கோலை வைத்துக்கொண்டு அவர் தலையைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

"காதுக்கு மேல சாய்ச்சுப் பிடி அக்கா! இன்னும் சாய்ச்சு! அவருக்குக் காது வேணும்!"

பெரியவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

மாமியார் வாசலில் நின்றார். கடைக்காரி கண்ணாடியில் அவரைப் பார்த்துவிட்டாள். திரும்பவில்லை.

"ஆஸ்பத்திரியில விட்டுட்டுப் போனவங்களுக்கு, ஆறு நாள் கழிச்சுத்தான் வழி தெரிஞ்சுதா?"

"திங்கட்கிழமையே வந்தேன். உன் தம்பி வாசல்லயே நிறுத்திட்டாரு. இனிமே வக்கீல் பேசுவாருன்னாரு."

"என்கிட்ட அவன் சொல்லவே இல்ல." இப்போது அவள் திரும்பினாள். "எனக்கு ஒண்ணு மட்டும் தெரியணும். அந்தப் படியில எல்லாரும் தாண்டித் தாண்டிப் போனாங்க. நான் ஏதோ விளையாட்டுக்குத் தாண்டறாங்கன்னு நினைச்சேன். எனக்கு மட்டும் ஏன் யாரும் சொல்லல?"

மருமகள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். மாமியார் ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்தார்.

"படி ஆடுதுன்னு எனக்குத் தெரியும். பத்தொன்பது பேருக்குச் சொன்னேன். உனக்குச் சொல்லல. ஏன்னா நீ வந்ததையே நான் பாக்கல. எண்ணியிருந்தா பாத்திருப்பேன். அன்னிக்கு நான் எண்ணல. உன் கை இப்படி ஆனதுல ஒரு வாரமா எனக்குச் சோறு இறங்கல. இதுக்கு மேல தீர்ப்பு சொல்ல எனக்கு உரிமை இல்லன்னு இவ சொல்லியிருக்கா. அதனால நிறுத்திக்கறேன்."

கத்தரிக்கோல் சத்தமும் நின்றுபோயிருந்தது. பெரியவர் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார்.

"அரை மணி முன்னாடி படகுத்துறைக்காரரோட கம்பெனியிலேர்ந்து போன் வந்துச்சு" என்றாள் கடைக்காரி மெதுவாக. "ஆஸ்பத்திரி ரசீதை எல்லாம் எடுத்து வைக்கச் சொன்னாங்க. செவ்வாய்க்கிழமை ஆள் வருதாம். நீங்க சொல்லித்தானா?"

"அவனே சொன்னான். நாங்க பக்கத்துல நின்னோம்."

"நோட்டீஸை வாபஸ் வாங்கறேன்னு நான் சொல்ல மாட்டேன் டீச்சர். இந்தக் கை கத்தரிக்கோல் பிடிக்கிற வரைக்கும் எதையும் சொல்ல மாட்டேன்."

"சொல்லாதே. சொல்லவும் கூடாது."

கடைக்காரி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். சண்டைக்கு வந்தவர்கள் இப்படிப் பேசமாட்டார்கள் என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். "நாளைக்கு நீச்சல் உண்டா?"

"கிடையாது. பாலிசி கைக்கு வர்ற வரைக்கும் ஒருத்தரும் தண்ணியில கால் நனைக்கப் போறதில்ல. நாளைக்கு எல்லாரும் கரையில உக்காந்து விதிமுறை எழுதப்போறோம்."

"அப்ப முதல் விதியை நான் சொல்றேன். புதுசா வர்றவளை யாராவது ஒருத்தர் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போகணும்."

மாமியார் கைப்பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்து, நோட்டீஸ் வந்த உறையின் பின்புறத்திலேயே அதை எழுதிக்கொண்டார்.

*

மூன்றரை மணிக்கு இருவரும் வீட்டுக்கு வந்தார்கள். "ஒரு வாய் காபி குடிச்சிட்டுப் போங்க அத்தை" என்று மருமகள் சொல்லியிருந்தாள். "காபிக்கு மட்டும்" என்று மாமியார் ஒப்புக்கொண்டிருந்தார்.

கதவைத் திறந்தால் கூடத்தின் நடுவில் மாமியாருடைய பெட்டி இருந்தது. அதன்மேல் அலாரம் கடிகாரம். பக்கத்தில் கணவன், வேலையை முடித்துவிட்டவனின் சிரிப்போடு.

"நானே போய் மாடி ரூமைக் காலி பண்ணிட்டேன்! இனிமே யார் வந்து பாத்தாலும் அம்மா இங்கதான். கவலையை விடுங்க."

"என்னைக் கேக்காமயா?" என்றார் மாமியார்.

"உங்களைக் காப்பாத்தறதுக்கு உங்களைக் கேக்கணுமா? அதுமட்டுமில்ல. பாலிசி என் பேர்லதானே இருக்கு? காலையிலேயே கடையிலேர்ந்து கம்பெனி வெப்சைட்ல படிவத்தைப் போட்டுட்டேன். 'ஒரே வீட்டில் வசிப்பவரா? ஆம். எங்கும் செல்லவில்லை.' முடிஞ்சது கதை!"

மருமகள் மனசுக்குள் கணக்குப் போட்டாள். ஒரே விபத்துக்கு, ஒரே வீட்டிலிருந்து, இரண்டு வாக்குமூலம். ஒன்றில் அவள் கணவன் பெயர். இன்னொன்றில் அவள் கண்ணெதிரே மாமியார் போட்ட கையெழுத்து. அவள் அதே ஆபீசில் சம்பளம் வாங்குகிறவள். ஒரு கணம்தான் கலங்கினாள். இப்படி எத்தனை பேர் அவள் மேஜை முன்னால் வந்து நின்றிருக்கிறார்கள்! திருத்தம் எழுதிக் கொடுத்தவர்கள் அநேகமாகப் பிழைத்துக்கொண்டார்கள். விடாப்பிடியாக நின்றவர்கள்தான் மாட்டினார்கள்.

அவள் வாயைத் திறப்பதற்குள் மாமியார் மகன் முன்னால் போய் நின்றார்.

"நான் ஆபீசுக்குப் போய் வீட்டை விட்டுப் போனேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். உன் பொண்டாட்டி பக்கத்துல வாயே திறக்காம உக்காந்திருந்தா, அந்த ஃபைல்ல அவ நிழல் விழக்கூடாதுன்னு. நீ அவ சோத்துல மண்ணைப் போட்டு வெச்சிருக்கே."

"அம்மா, உங்களுக்காகத்தான்…"

"எனக்காகப் பொய் சொல்ல நான் கேட்டேனா? எட்டு நாளா என்னை வந்து பாக்கத் தோணல. படிவம் நிரப்பத் தோணிச்சு."

மாமியார் திரும்பி மருமகளைப் பார்த்தார். "இப்ப என்ன பண்ணணும் ஆபீசர்?" என்று கேட்டார். காலையில் சொன்ன அதே 'ஆபீசர்'தான். ஆனால் இதில் குத்தல் இல்லை.

"அவரே பேசணும் அத்தை. பாலிசிதாரர் அவர்தான்."

அவள் எடுப்பதற்குள் அவள் போனே முந்திக்கொண்டு அடித்தது. காற்புள்ளி சார் சனிக்கிழமையும் நாலு மணி வரை ஆபீசில் உட்கார்ந்திருப்பார். அவள் ஸ்பீக்கரைப் போட்டாள்.

"மேடம், மன்னிக்கணும். உங்க வீட்டுலேர்ந்து ரெண்டு படிவம் இருக்கு. ஒண்ணுல அம்மா போயிட்டாங்க. ஒண்ணுல அம்மா எங்கயும் போகல. எதை நான் மேல அனுப்பறது?"

அவள் போனைக் கணவனிடம் நீட்டினாள். அவன் அதை வாங்கவில்லை. அம்மாவைப் பார்த்தான், பெட்டியைப் பார்த்தான். கடைசியில் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

"சார், நான் போட்டது… அது தப்பு. அதை எடுத்துடுங்க. அம்மா சொன்னதுதான் நிஜம். அவங்க போயிட்டாங்க." தொண்டையைக் கனைத்தான். "நாங்க போகவிட்டோம்."

மறுமுனையில் தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது.

"கடைசி வரியையும் சேத்துக்கட்டுமா?"

அவன் மனைவியைப் பார்த்தான். அவள் தலையசைத்தாள்.

"சேத்துக்குங்க."

"திருத்தம்னு பதிவு பண்ணிட்டேன். நேரத்துக்குச் சொன்னது நல்லதாப் போச்சு. திங்கட்கிழமை மேலிடத்துலேர்ந்து உங்களைக் கூப்பிடுவாங்க சார். மேடம், உங்களையும்தான், தயாரா இருங்க. அப்புறம், புதுக் குரூப் பாலிசிக்கு முதல் பொறுப்பாளர் முகவரி காலியா இருக்கு. அம்மா இப்ப எந்த வீட்டுல வசிக்கறாங்க?"

மருமகளுக்குச் சொல்ல ஆயிரம் இருந்தது. ஆனால் அந்தப் பதில் தன்னுடையதில்லை என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. சமையலறைக்குப் போய் அடுப்பைப் பற்றவைத்தாள்.

மாமியார் கடிகாரத்தை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டுத் தன் பெட்டிமேலேயே உட்கார்ந்தார்.

"காபியைக் குடிச்சிட்டுச் சொல்றேன்னு சொல்லு" என்றார்.